பன்னிரண்டு பக்கத்தில் இல்லாத கை

இந்தக் கடிதத்தோடு பெரிய வீட்டுச் சாவி உன் கைக்கு வரலாம், வராமலும் போகலாம். எழுதி முடிக்கும்போது என் மனம் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. நாளை ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உன் நிகழ்ச்சி. அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் டிக்கெட் போட்டுவிட்டார்கள். உன் நடனக்காரர்கள் ஐந்து பேரும் புதன்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஆட வேண்டிய வீட்டைப் பூட்டி, சாவியை நான் எடுத்து வந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதன் செய்கிற காரியமா இது என்று நீ கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ ஒரு போன்கூடச் செய்யவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்கி, அடுத்த சொல்லில் நின்றுபோய், தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இப்படித் தொடங்கியிருக்கிறேன். ‘மகனுக்கு’ என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. உன்னைப் பெற்றவன் நான். ஆனால் உனக்கு ஏழு வயதிருக்கும்போது, பதினைந்து வருடம் பிள்ளையில்லாமல் இருந்த என் பங்காளி அண்ணனுக்கு உன்னைக் கொடுத்துவிட்டேன். சுவீகாரம் என்று ஊரில் சொல்வதை நாங்கள் பிள்ளை கூட்டுவது என்போம். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. நிகழ்ச்சிக் கையேட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் அல்லவா, அந்த ஒரு பக்கம்தான் இது. நீளம் கூடிவிட்டது. உனக்கு மட்டும் எழுதுவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாவல் முழுக்க அதைத்தானே செய்தேன்.

அந்த நாவலை நீ ஆட்டமாக்கப் போவதாகப் போன தை மாதம் போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நான் எழுதியது அந்த ஒன்றுதான். கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டு, பிறர் எழுத்தில் சிவப்பு மையால் ஒற்றும் சந்தியும் திருத்திக்கொண்டு இருந்தவனுக்கு, தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். ஒரு வணிகன் தன் மகனை வேறு வீட்டுக்குக் கொடுக்கிறான். கொடுக்கிற அந்த ஒரு காலைப் பொழுதில் ‘எனது’ என்பது என்ன, கொடுக்கிறவன் யார், கொடுத்த பிறகு மிஞ்சுகிறவன் யார் என்று யோசிக்கிறான். கதை இவ்வளவுதான். தத்துவ நாவல் என்றார்கள். கருத்தரங்கம் வைத்தார்கள். ‘கொடுப்பவன் இல்லை, கொடுக்கப்படுபவன் இல்லை, கொடுத்தல் மட்டுமே உண்டு’ என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதினார்கள். அதிலும் சிலர் ஒற்றை விட்டிருந்தார்கள், நான் போட்டுக் கொடுத்தேன்.

சலங்கை இருக்குமா என்று கேட்டேன், இல்லை என்றாய். முத்திரை, அபிநயம், பாட்டு எதுவும் இல்லை என்றாய். அப்புறம் என்னதான் இருக்கும் என்றேன். உடம்பு இருக்கும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, பின்னணியில் யாராவது வாசிக்கட்டும் என்று நாவலிலிருந்து நாற்பது வாக்கியங்களைத் தேர்ந்து, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் சிவப்பு மையால் குறித்து அனுப்பினேன். நீ நன்றி சொல்லிப் பதில் போட்டாய். அந்த நாற்பதில் ஒன்றைக்கூட வைக்கவில்லை என்பது போன வாரம் நீங்கள் எல்லாரும் இங்கே வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில்தான் ஆடுவேன் என்று நீ பிடிவாதமாக நின்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கண்ட கண்ட ஊரில் இருக்கிற பங்காளிகள் ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணிச் சம்மதம் வாங்கியவன் நான். முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆத்தங்குடித் தரைக் கல் மேல் நீ வெள்ளை டேப்பை ஒட்டியபோது, பசை போகாது என்று கத்தியவனும் நான். டேப்பை உரித்துவிட்டு, அந்த இடத்தில் எல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாய். மூன்றாம் நாளிலிருந்து மத்தியானம் சாப்பிட்ட கையோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே வந்து உட்கார ஆரம்பித்தேன். பிடித்துப்போயிற்று என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். தகப்பனாக அந்தப் பாலக்காட்டுப் பெண் நிமிஷாவையும், ஏழு வயதுப் பையனாக ஆறடி உயரத்து ஆளையும் நீ போட்டிருந்தது முதலில் வேடிக்கையாக இருந்தது. அந்த ஆள் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது.

புதன்கிழமை நீங்கள் அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்கு வந்தீர்கள். பையன் வேறு வீட்டுப் பிள்ளையாவதற்கு மஞ்சள் நீர் குடிக்கப் போகிற நேரத்தில் தகப்பன் நின்று யோசிக்கிற பன்னிரண்டு பக்கம். நாவலின் உயிரே அதுதான் என்று கருத்தரங்கில் எல்லாரும் சொன்ன இடம். நிமிஷா அந்த இடத்தில் திரும்பத் திரும்ப நின்றுபோனாள். நான் எழுந்து போய்க் கொடுத்தல் மட்டுமே உண்டு என்பதற்கு என்ன அர்த்தம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “சார், அது புரிஞ்சது. இப்போ என் கையை எங்கே வைக்கணும்?” என்று கேட்டாள். கொடுக்கிறவன் கை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

அப்போதுதான் நீ என் நாற்காலிப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாய். குரலை உயர்த்தவில்லை. “சித்தப்பா, பன்னெண்டு பக்கத்தையும் படிச்சுப் பாத்துட்டேன். அதுல கையே இல்லை. அன்னைக்கு ஒங்க கை எங்க இருந்துச்சு?” என்றாய். நாவல் வேறு, நான் வேறு என்றேன். நான் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னேன். “எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. பந்தியில தண்ணிச் செம்பை வச்சுக்கிட்டு நின்னீக” என்றாய்.

இருபத்தேழு வருடமாக உனக்கு அது மறந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். சின்னப் பிள்ளை, எத்தனையோ கூட்டம், எத்தனையோ சத்தம், எதை நினைவு வைத்திருக்கப் போகிறாய் என்று. நீ அடுத்து, ஆட்டம் முழுக்க ஒரே ஒரு சொல்தான் வாய்விட்டு வரும், அது அந்தப் பந்தியில் நீ என்னை முதலில் கூப்பிட்ட சொல்லாக இருக்கும், எழுதினவர் என்ற முறையில் எனக்குச் சம்மதமா என்று கேட்டாய். கூடாது என்றேன். நாவலில் இல்லாத ஒன்றை நாவலின் பெயரால் செய்யக் கூடாது என்றேன். முன் வரிசையில் உட்காரப் போகிற அண்ணியின், உன்னை வளர்த்த ஆத்தாவின், மனம் என்ன பாடுபடும் என்றேன். அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுகிற பாஷையில் பேசினேன். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். நிமிஷா செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள். நான் முகப்புக் கதவைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் உன்னைப் பெற்றவள் சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லாட்ஜிலிருந்து யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் என் நாவலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, படிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குப் பேசினாள். “அதுல என்னைய மொத அத்தியாயத்துலயே கொன்னுட்டீக. நான் உசுரோட இருந்தா அந்தப் பன்னெண்டு பக்கத்தை எழுத விட்டிருப்பேனா?” என்றாள். நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவள் சொன்னது நிஜம். நாவலில் பையனின் தாய் பிரசவத்தில் இறந்துபோகிறாள். தத்துவத்துக்கு அது தோதாக இருந்தது. உண்மையில் அவள் உயிரோடு இருந்தாள், கூடாது என்று சொன்னாள், நான் அவளைக் கேட்பதற்கு முன்பே அண்ணனிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அண்ணன் வீடு வாரிசு இல்லாமல் அடைபட்டுப் போகக் கூடாது என்றேன். பெரிய மனசு என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற ஆசையும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்ததை இப்போது எழுதுகிறேன். இதில் தத்துவம் எதுவும் கிடையாது. உனக்கு விசேஷம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். புதுச் சட்டை, கைக்கடிகாரம், கழுத்தில் கோயில் மாலை. நீ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வளவில் மஞ்சள் நீர் குடித்தாய், எல்லாரும் விபூதி பூசினார்கள், பிறகு பந்தி. உன்னை அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பெற்ற கடனுக்குப் பரிமாறுகிறவர்களோடு தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றேன். உனக்கு ஏதோ காரமாகிவிட்டது. வழக்கம்போல என்னைப் பார்த்து, தகப்பனைக் கூப்பிடுகிற நம் சொல்லால், “அப்பச்சி, தண்ணி” என்றாய். அண்ணனும் திரும்பினார், நானும் திரும்பினேன். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. இரண்டு எட்டு வைத்துக் குனிந்து தண்ணீர் ஊற்றியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நான் நின்ற இடத்திலிருந்தே, “சித்தப்பான்னு சொல்லணும். அப்பச்சி அங்குட்டு இருக்காக” என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். அண்ணனைப் பார்த்தாய். காரத்தில் கண் கலங்கியிருந்தது, காரத்தில்தான் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பிறகு, “சித்தப்பா, தண்ணி” என்றாய். என்ன புத்திசாலிப் பிள்ளை என்று பந்தியில் எல்லாரும் மெச்சினார்கள். நான் வந்து ஊற்றினேன். நீ அதைக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னை நீ தப்பாகக் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளில், கோயிலில், அண்ணனுக்கு நீ கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, எப்போதும் சித்தப்பாதான். சரியாகச் சொல்கிறாய் என்பதே எனக்குத் தண்டனையாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து உட்கார்ந்து நாவல் எழுதினேன், அதில் அந்தப் பையன் வாயே திறப்பதில்லை. ஞானி மாதிரி மஞ்சள் நீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். விமரிசகர்கள் அந்த மௌனத்தைப் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அண்ணி கோவையிலிருந்து வந்து இறங்கினார்கள். உன் லாட்ஜுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வந்தார்கள். உன்னைக் கையைப் பிடித்து ஆட்ட வகுப்பில் கொண்டுபோய் விட்டவர்கள், பையன் ஆடுவதா என்று அண்ணன் முறைத்தபோது உனக்காக நின்றவர்கள். அவர்கள் மனம் நோகும் என்று நான் சாக்குச் சொன்னது அவர்கள் காதுக்கும் போயிருந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்கள்: “வந்த பெறகு ஒரு வருசம் என்னையப் பெரியாத்தான்னுதான் கூப்பிட்டான். நான் திருத்தலை தம்பி. ஒரு நாள் காய்ச்சல்ல ஆத்தான்னான். அவனா சொன்னான்.” பந்தியில் அன்றைக்கு அவர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் மெச்சியபோது அவர்கள் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இத்தனை எழுதிய பிறகும், நீ புதன்கிழமை கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ பந்தியை நினைவு வைத்திருக்கிறாய். அதற்கு முன்னால் வளவில் நடந்தது உனக்குத் தெரியாது, ஏனென்றால் அது உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது. அண்ணி மஞ்சள் நீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. அந்தக் கல்லில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாய், கட்டைவிரல்கள் தரையைப் பற்றிக்கொண்டிருந்தன. நேரம் தப்பிவிடும் என்று யாரோ சொன்னார்கள். என் வலது கை உன் முதுகில், மாலைக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருந்தது. எல்லாருக்கும் அது தட்டிக்கொடுப்பதாகத் தெரிந்திருக்கும். அது தள்ளியது. முதலில் நீ அசையவில்லை, மறுபடி தள்ளினேன், நீ போனாய். சட்டை புதுசு, கஞ்சி விறைப்பு இன்னும் போகவில்லை, அதற்குள் உன் முதுகு சுட்டது. நிமிஷாவிடம் சொல், கை அங்கே இருக்க வேண்டும். கொடுத்தல் மட்டுமே உண்டு என்று எழுதினேனே, அது பொய். தள்ளியவன் இருந்தான், தள்ளப்பட்டவன் இருந்தான்.

கடிதம் எழுதுகிற தகப்பன்கள் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னிடம் தேறுவது கொஞ்சம்தான். இனி யார் எழுதியதையும் எடுத்து ஆடும்போது, அவன் எங்கே ரொம்ப அழகாக எழுதியிருக்கிறானோ அங்கே சந்தேகப்படு. அங்கேதான் எதையாவது ஒளித்து வைத்திருப்பான். நீ அதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாய், ஆகையால் இது புத்தி ஆகாது. இன்னொன்று. உனக்கும் ஒரு பிள்ளை வரும். அது உன்னை எந்தச் சொல்லால் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாலும் முதலில் தண்ணீரைக் கொடு. சொல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாவியை எடுத்து இந்தத் தாள் மேல் வைத்துவிட்டேன். உன்னைப் பெற்றவள் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நிற்கிறாள், இதை அவளே கொண்டுவந்து தருவாள். அவளுக்கு ஆட்டத்தில் ஒரு இடம் கொடு. உயிரோடு இருக்கிறவளாக, கூடாது என்று சொல்கிறவளாக. ஒரு நாளில் முடியுமா என்று எனக்குத் தெரியாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டேப் வேண்டுமென்றால் ஒட்டிக்கொள், பசையை நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே அச்சடித்துக் கையேட்டில் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பங்காளிகள் படிப்பார்கள். என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்கு இப்போதே கேட்கிறது. ஆனாலும் படிக்கட்டும்.

நாளைக்கு நான் அண்ணிக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அந்த ஆறடி உயரத்துப் பையன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது யார் திரும்ப வேண்டும் என்று நீ வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நான் திரும்பிவிடுவேன், அதைத் தடுக்க என்னால் முடியாது. அந்தச் சொல்லை அவன் எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று குறித்து அனுப்ப மாட்டேன். வழக்கப்படி கீழே ‘இப்படிக்கு’ என்று எழுதி, அதற்கடுத்து முறைப்படி வர வேண்டிய சொல்லை எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன். அதை நீ நிரப்பிக்கொள். எதை எழுதினாலும் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,